மைலோ டின்னை ரீடர் படிக்கவில்லையா?

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் உங்கள் மளிகைக் கடையில் அரிசி மூட்டையின் ஆர்எஃப்ஐடி டேக்கை (ரேடியோ அலை மூலம் பொருளை அடையாளம் காட்டும் ஒட்டுச்சீட்டு) ரீடர் படிக்கிறது, மைலோ டின்னையும் ரோஸ் சிரப் போத்தலையும் படிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். டேக் கெட்டுப்போகவில்லை. அதற்குள் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்கிறது. தகரம் அந்த அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். எங்கள் கடையிலும் இதே தொல்லை. சிரப் போத்தலில் டேக்கைக் கழுத்துப் பக்கம், சிரப் எட்டாத இடத்தில் ஒட்டினேன். உடனே பீப் சத்தம் கேட்டது. டின்னுக்கு, உலோகத்துக்கென்றே விற்கும் தடித்த டேக் வேண்டும். விலை கூட, அதனால் டின்களுக்கு பார்கோடே போதும் என்பேன். சமையல் எண்ணெய்க்குப் பயம் வேண்டாம், அது தண்ணீர் மாதிரி உறிஞ்சாது. அப்புறம், ரீடரை வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் 919–923 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் இந்த டேக்குகளுக்கு ஒதுக்கிய அலைவரிசை அதுதான்.