மேம்பாலம் இருக்கட்டும், முக்கைப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் வேப்பமூடு, செட்டிகுளம், வடசேரி ஆகிய சந்திப்புகளில் இப்போதே மேம்பாலம் கட்டிவிட்டால், அடுத்த 20 ஆண்டுகளுக்கு நெரிசல் கவலை இராதே? எதற்காகத் தயங்குகிறார்கள்?
– வாசகர் ஒருவர், ஆசாரிபள்ளம்

பதில்: அந்தப் பாலத்தில் ஏறப்போகிறவர் யார் என்று முதலில் எண்ணிப் பார்த்தீர்களா? 2018-இல் வாகனங்களுக்குத் திறக்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலம், திருவனந்தபுரத்துக்கு நிற்காமல் போகிறவருக்குப் பெரிய உதவிதான். ஆனால் மார்த்தாண்டம் சந்தைக்கே வருகிறவர் பாலத்துக்கு அடியில்தானே வண்டியைத் திருப்பியாக வேண்டும்? வேப்பமூட்டுக்கு வரும் வண்டிகளில் எத்தனை ஊரைக் கடந்து போகின்றன, எத்தனை ஊருக்குள்ளேயே வலமும் இடமுமாகத் திரும்புகின்றன என்ற கணக்கு கையில் இல்லாமல் தூண் நடச் சொல்வது, அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வதைப் போன்றது.

அந்தக் கணக்கை எடுப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுந்த நேரத்தில், ஒவ்வொரு சாலையிலிருந்தும் எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்புகிறது என்று கால் மணிக்கு ஒருமுறை குறித்து, இருசக்கர வாகனத்தை ஏறத்தாழ அரைக் காராகவும் பேருந்தை இரண்டு மூன்று கார்களாகவும் மாற்றிக் கூட்ட வேண்டும். நாற்சந்தி ஒன்றில் வண்டிகளின் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியல் கணக்கிடுகிறது. அவற்றில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவை 16, அந்தப் பதினாறிலும் 12 வலப்பக்கம் திரும்பும் வண்டிகளால் உண்டாகின்றவை. காலை ஒன்பது மணிக்குச் செட்டிகுளத்தில் சிறிது நேரம் நின்றால் இது கண்ணுக்கே தெரியும்: வலப்பக்கம் திரும்ப ஒரு கார் காத்து நிற்கும், பின்னால் வரும் பேருந்து நகர வழியின்றி நிற்க, அந்த இடைவெளியிலேயே பயணிகள் இறங்குவார்கள், இறங்குகிறவர் காலடியில் இடப்பக்கமாக ஒரு ஸ்கூட்டர் நுழையும். திரும்பும் வண்டிக்குத் தனி வரிசையும், முக்கிலிருந்து தள்ளி ஒரு பேருந்து நிறுத்தமும் அமைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி குறையும். இதற்குப் பாலம் தேவையில்லை.

20 ஆண்டு என்கிறீர்கள். வாகனப் பெருக்கம் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்தால் இன்றைய 1,000 வண்டி அப்போது ஏறத்தாழ 2,650 ஆகும். 7 விழுக்காடு என்று வைத்தாலோ 3,870-ஐத் தொடும். இரண்டு விழுக்காட்டு வேறுபாடே 1,200 வண்டிகளைக் கூட்டிக் காட்டும் கணக்கை நம்பி, பிறகு மாற்ற முடியாத கான்கிரீட்டை இன்றைக்கே நிறுத்தலாமா? மலைக்கும் கடலுக்கும் நடுவில் 1,672 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்கெடுப்பின்படியே 18.70 லட்சம் பேர் வாழும் மாவட்டம் இது. இங்கே பணத்தைவிட அரிதானது இடம். வேப்பமூடு என்றால் வேப்பமரத்தடி. மரத்தடிக்குப் போதுமாயிருந்த அகலத்தைத்தான் நாம் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இப்போது ஒதுக்க வேண்டியது நிலம். எந்தச் சந்திப்பில் பின்னாளில் தனி வரிசை வரும், எங்கே ரவுண்டானாவுக்கு வட்டம் தேவைப்படும் என்பதை வரைபடத்தில் கோடு போட்டு மாநகராட்சி இப்போதே அறிவித்துவிட வேண்டும். பிறகு மூலைக்கடை ஒன்றை இடித்துக் கட்ட மனு வரும்போது, அந்தக் கோட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டினால்தான் அனுமதி என்று சொல்ல வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது மேம்பாலம் எப்போது வரும் என்று கேட்காமல், அந்தக் கோடு எங்கே என்று கேளுங்கள்.