லினக்ஸில் ஓடுகிறது, ஹைக்கூவில் படுத்துவிடுகிறது!

கேள்வி: லினக்ஸில் ஒழுங்காக ஓடும் ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரலை ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் கம்பைல் செய்தால் (ஓடும் வடிவத்துக்கு மாற்றினால்) திரை முழுக்கப் பிழைகள். இரண்டும் யூனிக்ஸ் குடும்பம்தானே, அப்புறம் ஏன் இந்தப் பாடு? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: குடும்பம் ஒன்றுதான். ஆனால் எழுதியவர் லினக்ஸைத் தவிர வேறு எதையும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். திரை நிறையக் கொட்டுகிறதே என்று மிரளாமல் முதல் பிழையை மட்டும் படியுங்கள், பெரும்பாலும் மற்றதெல்லாம் அதன் வால்தான். கூட வரும் மேக்ஃபைல் (நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) குனு மேக்கை நினைத்து எழுதியதாக இருக்கும். பிஎஸ்டியில் ‘மேக்’ என்று அடித்தால் வருவது வேறு ஆசாமி, அதனால் ஜிமேக்கை, அதாவது குனு மேக்கை, நிறுவி அதைக் கூப்பிடுங்கள். பாஷ் ஷெல்லும் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓபன்பிஎஸ்டியில் கூடவே வருவதில்லை. தனியாக நிறுவினாலும் லினக்ஸில் இருக்கும் இடத்தில் இருக்காது, ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாதையை அடித்து எழுதாமல் ‘என்வ்’ கட்டளையைத் தேடவிடுங்கள்.

இதெல்லாம் கொசுக்கடி. நேரத்தைத் தின்பது, லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் உட்கருவை) நம்பியே எழுதிய இடங்கள்தான். பல இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று கெர்னலிடம் கேட்க உதவும் ஈபோல் பிஎஸ்டிகளில் கிடையாது. அதே வேலைக்கு பிஎஸ்டிகளில் இருப்பது கேக்யூ, அது ஃப்ரீபிஎஸ்டியில் 2000-லேயே வந்துவிட்டது. எழுதியவர் இந்த வேறுபாட்டை மறைத்துத் தரும் லிப்ஈவென்ட், லிப்யூவி மாதிரி லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். இன்னொரு வில்லங்கம்: ‘நான் எந்தக் கோப்பிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று நிரல் தன்னைப் பற்றியே விசாரிப்பது. லினக்ஸில் ப்ராக் கோப்புறைக்குள் பார்த்தால் பதில் கிடைக்கும், ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்கன்ட்ரோல் சொல்லும், ஓபன்பிஎஸ்டியில் நம்பகமான வழியே கிடையாது. படங்கள், எழுத்துருக்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் பதித்துவிட்டால் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை.

கேள்வி: ஹைக்கூ இயங்குதளத்தில் ஒரு சி நிரல் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால், திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே போய் விழுகிறது. என் மண்டை காய்கிறது! – மென்பொருள் பணியாளர்

பதில்: ஹைக்கூ பக்கம் போகிறவர்கள் எல்லோரும் மிதிக்கும் கண்ணி இது. 2001-ல் பிஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தை மறுபடி உருவாக்கும் முயற்சியாகத் தொடங்கிய திட்டம் அது. பழைய பிஓஎஸ் நிரல்கள் 32 பிட் பதிப்பில் அப்படியே ஓட வேண்டும் என்று முடிவெடுத்ததால் பிஓஎஸ்ஸின் பிழை எண்களும் கூடவே வந்துவிட்டன. அவை அத்தனையும் மைனஸ் எண்கள். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பதற்கு லினக்ஸில் மதிப்பு 2, ஹைக்கூவில் -2147459069.

இப்போது உங்கள் நிரலைத் திறந்து பாருங்கள். தவறு நடந்தால் பிழை எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டுத் திருப்பி அனுப்புவதும், அதை வாங்குகிற ஃபங்ஷன் ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் தவறு’ என்று சோதிப்பதும் லினக்ஸ் கெர்னல் பாணியில் பழகியவர்களின் வழக்கம். லினக்ஸில் -2 வரும், சரியாகப் பிடித்துவிடும். ஹைக்கூவில் மைனஸுக்கு மைனஸ் பிளஸ் ஆகி 2147459069 என்று ஒரு மாபெரும் எண் வரும், அதை உங்கள் நிரல் ‘ஆகா, திறந்துவிட்டது’ என்று ஏற்றுக்கொள்ளும். இதில் கம்பைலர் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. யார் பக்கம் தப்பு என்றால், சி மொழித் தரம் பிழை எண்கள் நேர்ம எண்களாக இருக்க வேண்டும் என்கிறது, ஆகவே ஹைக்கூ பக்கம்தான். அவர்களும் அது தெரிந்து போசிக்ஸ் எரர் மேப்பர் என்றொரு லைப்ரரி கொடுத்திருக்கிறார்கள். நேர்ம எண்கள் வேண்டும் என்பதற்கான மேக்ரோவை வரையறுத்து அதோடு இணைத்தால் தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: உங்கள் நிரல் பிழை எண்களைப் பரிமாறிக்கொள்ளும் மற்ற லைப்ரரிகள் பழைய எண்களிலேயே பேசினால் குழப்பம் இரட்டிப்பாகும், அங்கெல்லாம் கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: பழைய நிரல் ஒன்று, கட்டும் முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் ‘இந்த சிஸ்டம் எனக்குத் தெரியாது’ என்று நின்றுவிடுகிறது.

பதில்: எந்த சிஸ்டம் என்று அடையாளம் காண கூட வந்த கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டும் பழசு. குனு திட்டத்திலிருந்து புதியவற்றை எடுத்து அதன் மேல் போட்டுவிடுங்கள், போதும்.

கேள்வி: ‘யாரும் பயன்படுத்தாத சிஸ்டத்துக்கு ஏன் மாரடிக்கிறாய்?’ என்று கூட வேலை பார்ப்பவர் கேலி செய்கிறார்.

பதில்: அவர் சர்வருக்குள் நுழைய தினமும் எதை அடிக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 1999-ல் ஓபன்பிஎஸ்டிக்காக உருவாக்கப்பட்டது, மற்ற எல்லோரும் ஓட்டுவது அதன் போர்ட் (வேறு சிஸ்டங்களுக்கு மாற்றிய வடிவம்)!

இன்னொன்றும் சொல்லுங்கள். 2014-ல் வந்த ஓபன்பிஎஸ்டி 5.5, 32 பிட் கருவிகளிலும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியது, 2038-ல் கடிகாரம் நிரம்பி வழியும் சிக்கலுக்காக. உடனே ஏராளமான நிரல்கள் அடிபட்டன. நேரத்தை ‘லாங்’ என்ற எண் வகை என்று நம்பி, அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்பில் கொடுத்திருப்பார்கள். 32 பிட் கருவியில் லாங் 4 பைட், வந்து இறங்குவதோ 8 பைட், எனவே பிரிண்ட்எஃப் பாதியை நேரம் என்று அச்சடித்துவிட்டு மீதிப் பாதியை அடுத்த மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அந்த அடுத்தது ஒரு கோப்புப் பெயராக இருந்தால் நிரல் அங்கேயே காலி. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியவர்கள் இந்த ‘யாரும் பயன்படுத்தாத’ சிஸ்டத்துக்காரர்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் 32 பிட் ஆர்ம் பதிப்பில் அதே மாற்றத்தைச் செய்ய 2024 ஆனது.

கேள்வி: ஒரு நிரலை எழுதியவருக்கு, அது நெட்பிஎஸ்டியில் ஓடுவதற்காக ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். ‘என்னிடம் அந்த சிஸ்டம் இல்லை, சோதிக்க முடியாது’ என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள்.

பதில்: கோபம் வேண்டாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நாளைக்கு உடைந்தால் திட்டு வாங்குபவர் அவர்தானே. நீங்கள் அனுப்பியதில் ‘நெட்பிஎஸ்டி என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் அப்படி’ என்று சிஸ்டம் பெயர்கள் பத்து இடத்தில் இருந்தால் நானும் வாங்க மாட்டேன். சிஸ்டத்தின் பெயரைக் கேட்காமல், இந்த ஃபங்ஷன் இருக்கிறதா இல்லையா என்று கான்ஃபிகர் கட்டத்திலேயே சோதியுங்கள். உதாரணம், எழுத்துத் தொடரை நகலெடுக்கும் ஸ்ட்ரெல்காப்பி: ஓபன்பிஎஸ்டியில் 1998-லிருந்து இருக்கிறது, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி 2023-ல்தான் சேர்த்தது. ‘லினக்ஸில் இது கிடையாது’ என்று பெயரை வைத்து எழுதியவர்களின் நிரல்கள் அன்றைக்கு முட்டிக்கொண்டன, இருக்கிறதா என்று சோதித்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

பேட்சைத் துண்டு துண்டாக, ஒரு துண்டில் ஒரு திருத்தம் என்று அனுப்புங்கள், லினக்ஸிலும் பயன்படக்கூடியதை முதலில். அப்படியும் வாங்கவில்லையா, சரி, நெட்பிஎஸ்டியின் மென்பொருள் தொகுப்பான பிகேஜிசோர்ஸில் பேட்சுகளுக்கென்றே இடம் இருக்கிறது, அங்கே சேர்த்துப் பராமரியுங்கள். ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பேட்ச் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை அப்போது உங்கள் தலையில்.

கேள்வி: எல்லோரும் ரஸ்ட் மொழிக்கு மாறுகிறார்களே, போர்ட் செய்வது இனி சுலபமா?

பதில்: நிரலைப் பொறுத்தவரை ஓரளவு ஆம். ஆனால் முதலில் கம்பைலரே அந்த சிஸ்டத்தில் ஓட வேண்டுமே! ரஸ்டின் ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு தேவை, அந்தச் சங்கிலி அறுந்தால் வேறு கருவியில் கட்டிக் கொண்டுவர வேண்டும். லிப்ஆர்எஸ்விஜி என்ற பட லைப்ரரி சி-யிலிருந்து ரஸ்டுக்கு மாறியபோது, ரஸ்ட் எட்டாத பழைய பிராசசர்களில் அதன் பழைய பதிப்போடு நிற்க வேண்டியதாயிற்று. முதல் தடவை கை வைக்கிறீர்கள் என்றால் சி-யில் எழுதிய, வேறு லைப்ரரிகளை அதிகம் இழுக்காத, நீங்களே தினமும் பயன்படுத்தும் ஒரு சின்னக் கட்டளை வரி நிரலை எடுத்துக்கொள்ளுங்கள்.