போலந்து உணவகத்தில் சைவமாகச் சாப்பிட முடியுமா?

கேள்வி: வேலை நிமித்தமாகப் போலந்தின் கிராக்கோவ் நகரில் வசிக்கிறேன். பால், முட்டை சாப்பிடுவேன். இறைச்சியும் மீனும் தொடுவதில்லை. அடுத்த வாரம் அலுவலக நண்பர்கள் உள்ளூர் உணவகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். மாவு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காளான், பாலாடைக்கட்டி ஆகியவற்றால் செய்யும் பண்டங்கள் அந்நாட்டுச் சமையலில் ஏராளம். ஆனால், பெயரளவில் சைவமாகத் தோன்றும் தட்டிலும் பன்றிக் கொழுப்பு வந்து சேரும் இடங்கள் சில உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் இடம், நீங்கள் கேட்காமலேயே மேசைக்கு வருவது. மரபான உணவகங்கள் பலவற்றில் ரொட்டியோடும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயோடும் சிறு கிண்ணத்தில் வெண்ணெயைப் போன்ற வெள்ளைப் பூச்சு ஒன்றை வைப்பார்கள். அது ஸ்மாலெத்ஸ், அதாவது உருக்கி உறையவைத்த பன்றிக் கொழுப்பு. உற்றுப் பார்த்தால் பழுப்பு நிறத் துணுக்குகள் தெரியும்.

அடுத்தது பியெரோகி. மாவை வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து வேகவைக்கும் இப்பண்டத்தில் உங்களுக்கு உகந்தது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த 'ருஸ்கியே' வகை. பூரணத்தில் இறைச்சி இராது. எனினும், பரிமாறும்போது மேலே ஸ்க்வார்க்கி எனப்படும் வறுத்த கொழுப்புத் துண்டுகளைத் தூவும் வழக்கம் உண்டு. பட்டியலில் 'ஒக்ராசா' என்ற சொல்லைக் கண்டால் இத்தகைய மேல்தூவலைத்தான் குறிக்கிறது என்று கொள்ளுங்கள். "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள்; வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைப் பதிலாகக் கேட்கலாம். சூப்புகளில் ஜூரெக்கைத் தவிர்த்துவிடுங்கள், அதில் பெரும்பாலும் தொத்திறைச்சி கிடக்கும். பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் இறைச்சிச் சாற்றில் கொதித்ததா என்று கேட்டே வாங்க வேண்டும்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது போதாது. கத்தோலிக்க மரபில் இறைச்சியற்ற உணவில் மீனுக்கு இடமுண்டு; கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவின் இறைச்சியில்லா விருந்தில் கெண்டை மீன்தான் நாயகன்! ஆகவே மீனையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். பட்டியலில் அச்சிட்டிருக்கும் ஒவ்வாமைக் குறிப்பும் பன்றிக் கொழுப்பைக் கண்டறியக் கைகொடுக்காது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2014 டிசம்பர் முதல் உணவகங்கள் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் மீன், பால், முட்டை எல்லாம் அடங்கும். பன்றிக் கொழுப்போ, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ அடங்காது.

காரம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் துருவிய ஹ்ஷான், அதாவது குதிரைமுள்ளங்கிக் கிழங்கைக் கேளுங்கள். அதன் காரம் நாக்கைவிட மூக்கில்தான் ஏறும் என்பதால் முதலில் துளியளவே எடுங்கள்.

விருந்துக்கு முன் ஒத்திகை பார்க்க விரும்பினால், ஒரு மதிய வேளையில் 'பார் ம்லெச்னி' எனப்படும் பால் உணவகத்துக்குச் செல்லலாம். பாலும் மாவும் சார்ந்த பண்டங்களை மலிவாகத் தரும் இந்த எளிய உணவகங்களில் கவுன்ட்டரில் பணம் கட்டி நாமே தட்டை எடுத்து வருவதுதான் முறை. பல கடைகள் மாலையிலேயே மூடிவிடும்.