வாசகர் கேள்வி – பதில்: முற்றத்தில் அளக்கும் மழை

கேள்வி: வானிலை நிலையங்கள், ராடார், செயற்கைக்கோள் எல்லாம் இருக்கும்போது, தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் அளந்து அனுப்பும் மழைக் கணக்குக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

பதில்: பெரிய மதிப்பு இருக்கிறது. இடிமழை ஊர் முழுவதும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை இறுதியில் பெய்த மழை இதற்குக் கண்கூடான சான்று. நகரின் மேற்கு ஓரத்தில் ஏறக்குறைய 370 மி.மீ. கொட்டித் தீர்த்தபோது, சில கிலோமீட்டர் கிழக்கே 50 மி.மீ. அளவுக்குத்தான் பெய்தது, அந்த வெள்ளத்தில் ஐந்து பேர் உயிரிழந்தனர். இந்த வேறுபாடு, பின்னர் மக்களின் மழைமானிகளில் இருந்த அளவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோதுதான் முழுமையாகத் தெரிந்தது. அதன் விளைவாகவே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் காலநிலை மையத்தில் நோலன் டோஸ்கன் முன்னின்று, 1998இல் 'கோகோராஸ்' என்ற தன்னார்வலர் மழைப்பதிவு வலையமைப்பைத் தொடங்கினார். இன்று அது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கனடாவிலும் இயங்குகிறது.

ராடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. வானில் உள்ள துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைக் கொண்டு மழையளவைக் கணக்கிடுகிறது. தொலைவு கூடக்கூட அதன் கற்றை தரையிலிருந்து மேலும் மேலும் உயரத்தில் செல்வதால், கீழே உண்மையில் எவ்வளவு விழுந்தது என்பதைத் தரையில் உள்ள மழைமானிகளை வைத்தே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இம்முயற்சி புதியதுமன்று. பிரிட்டனில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் 1860ஆம் ஆண்டுக்கு 168 இடங்களின் மழைக் கணக்கைத் திரட்டி வெளியிட்டார். 1900இல் அவர் மறைந்தபோது அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு அளவு அனுப்பியவர்களில் மிகப் பலர் தன்னார்வலர்களே.

கேள்வி: மழைமானியை மொட்டைமாடியில் வைக்கலாமா? அளவை எப்படிப் படிப்பது?

பதில்: வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் மாடியில் வையுங்கள். உயரத்தில் காற்று வேகமாக வீசித் துளிகளை மழைமானியின் வாயைத் தாண்டி அடித்துச் செல்வதால், அளவு குறைந்தே பதிவாகும். தரையில், மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி வைப்பது நல்லது.

கோகோராஸ் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் மழைமானியின் வாய் 4 அங்குல விட்டம் கொண்டது. புனல் வழியாக நீர் இறங்கும் உள்குழாயின் குறுக்குப் பரப்பு அந்த வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 மி.மீ. மழை குழாயில் 10 மி.மீ. உயரத்துக்கு நிற்கும், சிறு தூறலையும் பிழையின்றிப் படிக்க முடியும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, நீரின் மேற்பரப்பு குழிந்து நிற்கும் இடத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள். உள்குழாய் நிரம்பி வழிந்தால் வெளிக்குழாயில் சேர்ந்திருக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள்; உள்குழாயில் பகுதி பகுதியாக ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மழை பெய்யாத நாளிலும் பதிவு அனுப்ப வேண்டுமா? வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: கட்டாயம் அனுப்புங்கள். தன்னார்வலர் பலர் ஆர்வத்தோடு தொடங்கி, வறண்ட வாரங்களில் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு பெரும்பாலும் பாழாவது இங்கேதான். பதிவேட்டில் ஒரு நாள் வெற்றாக இருந்தால், அன்று மழை இல்லையா, அல்லது யாரும் பார்க்கவில்லையா என்பதைப் பின்னாளில் எவராலும் சொல்ல முடியாது. '0' என்று எழுதினால் அது ஓர் உறுதியான அளவாகிவிடுகிறது. வறட்சி எங்கே தொடங்கி எதுவரை பரவியது என்பதை வரைபடத்தில் காட்டுவது அத்தகைய சுழியங்களே. குழாயில் அளக்க முடியாத அளவுக்குச் சில துளிகள் மட்டும் விழுந்திருந்தால், அதைச் சுழியமாக்காமல் 'சிறு தூறல்' என்று தனியே குறிக்க வேண்டும்.

வெளியூர் சென்று மூன்று நாள் கழித்துத் திரும்பினால், சேர்ந்த நீரை அளந்து 'மூன்று நாள் மொத்தம்' என்றே எழுதுங்கள். மூன்றால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதும், மொத்தத்தைக் கடைசி நாளின் மழையாகக் காட்டுவதும் பொய்க் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் காலை 7 மணியளவில், அளப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: அப்போதுதான் அக்கம்பக்கத்து அளவுகளோடு ஒப்பிட முடியும். 2.5க்குப் பதில் 25 என்று எழுதிவிட்டால் அந்த ஒப்பீட்டில் உடனே பிடிபட்டுவிடும்.

கேள்வி: தானியங்கி மழைமானி வாங்கினால் இந்தச் சிரமம் தீருமா?

பதில்: ஓரளவுக்குத் தீரும். வீட்டுத் தானியங்கிகள் பலவற்றில், நீர் நிறைந்ததும் கவிழும் சிறு கிண்ணம் ஒவ்வொரு முறை கவிழ்வதும் எண்ணப்படுகிறது. எந்த நிமிடத்தில் மழை வலுத்தது என்பதை அது காட்டும். ஆனால் அடைமழையில் கிண்ணம் கவிழ்ந்து திரும்புவதற்குள் சிறிது நீர் எண்ணப்படாமல் போகும், புனலில் ஒரு சருகு அடைத்தாலும் கணக்கு தவறும். முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, நாளின் மொத்தத்துக்குக் கைமானியையும் மழையின் வேகத்துக்குத் தானியங்கியையும் நம்புங்கள்.