எட்டடித் தூரத்துக்கு ஒரு தூது

கேள்வி: என் வயது 36. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. ஐந்து மாதங்களுக்கு முன் என்னைக் கேட்காமல் தம்பிக்கு எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என் சம்பளம், என் தம்பி" என்றார். அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. சண்டை கிடையாது, வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. வேண்டியதை ஒன்பது வயது மகள் மூலம் சொல்லிக்கொள்கிறோம். அவள் கெட்டிக்காரி. "கரண்டு பில்லைக் கட்டச் சொல்லு, இல்லாவிட்டால் தம்பி வீட்டிலேயே போய்ப் படுத்துக்கச் சொல்லு" என்று நான் சொன்னால், "அப்பா, அம்மா கரண்டு பில்லை ஞாபகப்படுத்தச் சொன்னாங்க" என்று போய்ச் சொல்வாள். காலையில் அவர் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வாங்கி வந்து மேசையில் வைக்கிறார், நான் தொடுவதில்லை. வழக்கறிஞரைப் பார் என்கிறாள் அக்கா. தவறு செய்தவர் அவர். முதலில் பேச வேண்டியவரும் அவர்தானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஆபத்தில் இருக்கும் உடன்பிறந்தவனுக்குக் கைகொடுப்பது கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடமையை மனைவியோடு கலந்து செய்திருக்க வேண்டும். மறைத்துக் கொடுத்தது தவறு, "என் சம்பளம்" என்றது அதைவிடப் பெரிய தவறு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆயினும் உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தது கரண்டு பில்லைப் பற்றிய அந்த வரிக்காகத்தான்.

உங்கள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு எட்டடி இருக்குமா? அந்த எட்டடியை நடந்து கடப்பதற்குள் உங்கள் மகள் எத்தனை வேலை செய்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா சொன்னதில் எது செய்தி, எது முள் என்று பிரிக்கிறாள். முள்ளைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். இப்போது சொல்லலாமா, சற்றுப் பொறுக்கலாமா என்று கணக்கிடுகிறாள். பிறகு நீங்கள் சொல்லாத ஒரு வாக்கியத்தை நீங்கள் சொன்னதாகச் சொல்கிறாள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வீடு அமைதியாக இருக்கிறது என்கிறீர்களே, அந்த அமைதியை நாள்தோறும் உண்டாக்குவது அந்தக் குழந்தை. தம்பி வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்ற சொல் உங்கள் கணவரின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை; அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அப்பா வீட்டை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தோடு அவள் படுக்கைக்குப் போகிறாள்.

பிள்ளையைத் தூது விடுவது நம் மரபுதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். மருதத்திணைப் பாடல்களில் ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகப் பேச வந்த பாணனையும் தோழியையும் ‘வாயில்’ என்றார்கள். புதல்வனும் அப்படி வாயிலானது உண்டு. அங்கே கதவு திறப்பதற்காக வாயில் நின்றது. உங்கள் வீட்டில் கதவு திறக்காமலே காலம் தள்ளுவதற்குக் குழந்தை நிற்கிறாள்.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், 1954 முதல் சில ஆண்டுகள் நோயாளிகளை அவர்களுடைய குடும்பத்தாரோடு சேர்த்தே ஆய்வுக்கூட விடுதியில் தங்கவைத்துக் கவனித்தவர். இருவருக்கிடையே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆள் உள்ளே இழுக்கப்படுகிறார். இருவருக்கும் சற்று மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. அதனாலேயே பிரச்சினை தீராமல் நீடிக்கிறது. இதை அவர் முக்கோணம் என்றார். நீங்கள் ஐந்து மாதம் பேசாமல் தாக்குப்பிடித்ததன் இரகசியம் உங்கள் வைராக்கியம் அல்ல, அந்த மூன்றாவது முனைதான். அவள் இல்லாதிருந்தால் ஐந்தாம் நாளே கரண்டு பில்லுக்காகவாவது நீங்கள் இருவரும் வாயைத் திறந்திருப்பீர்கள்.

நான் செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, நான்காம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். எதைக் கேட்டாலும் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். சிற்றுண்டிச் சாலையில் "உனக்கு மீ வேண்டுமா, சோறு வேண்டுமா?" என்றால், "டீச்சருக்கு எது பிடிக்கும்?" என்பாள். பணிவான பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதினேன். அவளுடைய பெற்றோர் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வரியை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். நான்கைந்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் கோட்மனும் லின் காட்ஸும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடையே பிணக்கு மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் சிறுநீரில் மன அழுத்தச் சுரப்புகள் கூடுதலாக இருந்தன. வாய் சொல்லாததை உடம்பு சொல்லிவிடுகிறது.

உங்கள் கணவரும் இதில் பாதிக் குற்றவாளி. தன் மகளிடம் பதில் சொல்லி அனுப்பும் தகப்பனும் எழுந்து அந்த எட்டடியை நடந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கடிதம் எழுதியவர் நீங்கள். வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லும் அக்காவிடம் ஒன்றைத் தெரிவியுங்கள்: மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டு மனுச் செய்வதானால் பொதுவாக முதலில் சமரசக் குழுவின் முன் போயாக வேண்டும். சொந்த வீட்டில் பேச மறுத்ததை அங்கே அந்நியர் முன்னிலையில் பேசப்போகிறீர்கள்.

முதலில் யார் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். என் கணக்கில் அவர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார். இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, பாலத்தைக் கடந்து வந்து, உங்களுக்கும் சேர்த்துப் பொட்டலம் வாங்கி வைக்கிறாரே, மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண் பேசும் பேச்சு அது. போதாத பேச்சுதான், ஆனாலும் பேச்சு. இத்தகைய சிறு அழைப்புகளைக் கோட்மன் கணக்கெடுத்தார்: ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் சேர்ந்திருந்த தம்பதியர், புதுமணக் காலத்தில் துணையின் அழைப்புக்கு 100இல் 86 முறை முகம் கொடுத்திருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 முறைதான். நீங்கள் ஐந்து மாதமாக ஒரு முறைகூடப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

நாளைக் காலை அவர் வந்ததும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள். எட்டாயிரம் வெள்ளியைப் பற்றிய பேச்சை அவருடைய ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒன்றையும் விழுங்காமல், உங்களுக்கு வலித்ததை முழுவதும் சொல்லுங்கள், மகள் அருகில் இல்லாதபோது. நாளைக்குக் கரண்டு பில் போதும். "கட்டியாயிற்றா?" என்று அவர் முகத்தைப் பார்த்து நீங்களே கேளுங்கள். உங்கள் குரல் கேட்டதும், பழக்கத்தால் மகள் இருக்கையை விட்டு எழுந்து வருவாள். "நீ உட்கார்ந்து சாப்பிடும்மா, நான் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று அவளிடம் சொல்லுங்கள்.