ஆதாம் கிழவரை வெட்டலாமா?

கேள்வி: கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். உயர்தர மாணவர்களை வைத்து சேக்ஸ்பியரின் ‘அஸ் யூ லைக் இற்’ நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். ஒரு மணித்தியாலம்தான் தந்திருக்கிறார்கள். ஆதாம் என்ற கிழட்டு வேலைக்காரரை எடுத்துவிட்டாலும் கதை கெடாது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். அந்தப் பாத்திரத்துக்குத் தெரிவான மாணவனும் “நாலு காட்சிதானே ரீச்சர்” என்று முகம் வாடி நிற்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: ஆதாமை வெட்டாதீர்கள், ரீச்சர். நேரத்தை மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. விதூஷகன் ரச்ஸ்ரோனுக்குக் கலியாணம் செய்துவைக்க வரும் பாதிரியாரை விடலாம். நாட்டுப்புறத்து வில்லியம் வரும் காட்சியையும் விடலாம்.

கதை கெடாது என்பது சரிதான். ஆதாம் இல்லாமலும் கதாநாயகன் ஒர்லாண்டோ காட்டுக்குப் போவான், காதலி ரோசலின்டைச் சந்திப்பான், மரங்களில் கவிதை தொங்கவிடுவான். ஆனால் அப்போது அவன் மல்யுத்தத்தில் வென்று காதலில் கிறங்கிய ஒரு பெடியன், அவ்வளவுதான். அவன் நல்லவன் என்று நாங்கள் நம்புவது ஆதாமை வைத்துத்தான்.

முதல் காட்சியிலேயே அண்ணன் ஒலிவர் “கிழட்டு நாயே” என்று ஆதாமை விரட்டுகிறான். பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, உழைத்தே பல் போனவர். இப்போது எண்பதை நெருங்குகிறார். தம்பி படுக்கும் இடத்துக்கு ஒலிவர் நெருப்பு வைக்கப்போகிறான் என்று தெரிந்ததும், வாசலிலேயே ஒர்லாண்டோவை மறிப்பவர் அவர்தான். முதுமைக்கென்று சேர்த்துவைத்த 500 கிரவுன் காசையும் கொடுத்துவிட்டு, தானும் கூடவே புறப்படுகிறார்.

ஆர்டன் காட்டில் பசியால் விழுந்துவிடுகிறார். ஒர்லாண்டோ உருவிய வாளோடு, நாடுகடத்தப்பட்டுக் காட்டில் வாழும் கோமகனின் பந்திக்குள் பாய்கிறான். கோமகன் அன்பாக இருக்கச் சொன்னதும் வெட்கப்பட்டு, கிழவர் சாப்பிடும்வரை ஒரு வாயும் தொடமாட்டேன் என்று திரும்பிப் போகிறான். அந்த இடைவெளியில்தான் கோமகனோடு இருக்கும் ஜேக்விஸ், உலகமே நாடக மேடை என்று தொடங்கி மனிதனின் ஏழு பருவங்களையும் சொல்கிறான். கடைசிப் பருவத்தில் பல்லில்லை, கண்ணில்லை, சுவையில்லை, எதுவுமில்லை என்று முடிக்கிறான். முடித்த கையோடு, எண்பது வயது மனிதரைத் தூக்கிக்கொண்டு ஒர்லாண்டோ உள்ளே வருகிறான். ஜேக்விஸுக்கு யாரும் வாயால் பதில் சொல்வதில்லை. பல்லில்லாத அந்த மனிதரை வரவேற்று, முதலில் அவருக்கு ஊட்டச் சொல்கிறார் கோமகன். ஜேக்விஸின் பேச்சை எப்படியும் நீங்கள் விடப்போவதில்லை. ஆதாம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கடைசித் தீர்ப்பாகிவிடும்.

உங்களுக்கு முன்னால் இருக்கப்போவது வன்னிச் சனம். இடப்பெயர்வில் தாய் தகப்பனைச் சுமந்தவர்கள் அங்கே இருப்பார்கள். சுமக்க முடியாமல் போனவர்களும் இருப்பார்கள். அதனால் ஷெல் சத்தம், சோக இசை, உரப்பை மூட்டை எதையும் அந்தக் காட்சியில் கூட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளதை உள்ளபடி செய்தால் போதும், அவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். அதன்பின் ஆதாம் மேடைக்கு வருவதேயில்லை. என்ன ஆனார் என்று சேக்ஸ்பியர் சொல்லவில்லை; நீங்களும் ஒரு சாவுக் காட்சி சேர்க்காதீர்கள்.

மாணவனுக்கு ஒரு விஷயம். கூனிக் குறுகி, இருமி, சிரிப்பு மூட்டக் கூடாது. பார்வைக்குத்தான் கிழவன், இளமையில் குடித்துக் கெடாததால் உடம்பில் பலம் இருக்கிறது என்று ஆதாமே சொல்கிறார். இன்னும் வயலில் வரப்புக் கட்டுகிற அப்புமாரை அவன் போய்ப் பார்க்கட்டும். காடு வரை நிமிர்ந்து நடந்தால்தான் பிறகு விழுவது சனத்தைத் தொடும். சேக்ஸ்பியரே இந்தப் பாத்திரத்தில் நடித்தார் என்று, சான்றில்லாவிட்டாலும், 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு கதை வழங்குகிறது. அதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒர்லாண்டோவுக்குத் தோள் பலமுள்ள பெடியனாகத் தேடுங்கள். முதுகில் சுமந்தால் இரண்டு முகங்களும் சபைக்குத் தெரியும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே தூக்கிப் பழகட்டும்.