சாக்கடை நீரில் விளைந்த கீரை: கழுவினால் உலோகம் போகுமா?

கேள்வி: கழிவுநீர் பாய்ச்சிய காய்கறிகளில் ஈயமும் காட்மியமும் இருக்கும் என்கிறார்கள். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் போய்விடாதா?

பதில்: இலைமேல் படிந்தது போகும், இலைக்குள் ஏறியது போகாது. ஈயம் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். வேரைத் தாண்டி அதிகம் மேலே ஏறாது. கீரையில் உள்ள ஈயத்தில் பெரும்பங்கு தெறித்த சேறும் படிந்த தூசியும்தான். அதனால் கழுவுவதற்குப் பலன் உண்டு. காட்மியம் வேறு மாதிரி. வேர் உறிஞ்சும் நீரோடு ஏறி இலைத் திசுவிலேயே தங்கிவிடும். மண் புளிப்பாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். அதை எந்த ஊறலும் வெளியே இழுக்காது.

கழுவும் முறை முக்கியம். கட்டின் அடியில் தண்டுகள் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள், கருப்பு மண் அப்பியிருக்கும். அந்த அடிப்பகுதியை இரண்டு விரற்கடை வெட்டி எறியுங்கள். இலைகளைப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கீரையை மேலிருந்து அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து வடிகட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே விழும். பாத்திரத்தின் அடியில் நறநறவென்று எதுவும் தட்டாதவரை திரும்பச் செய்யுங்கள்.

வேகவைத்தால் கிருமியும் புழுமுட்டையும் சாகும், உலோகம் அழியாது. கொஞ்சம் வெந்த நீரில் இறங்கலாம். சந்தேகமுள்ள கீரையென்றால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போதே பார்த்துக் கண்டுபிடிக்க வழியுண்டா?

பதில்: இல்லை. சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் கீரை பச்சைப்பசேல் என்று செழித்து நிற்கும். அந்த அழகை நம்பி வாங்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் நைட்ரேட் சோதனைக் கருவியும் இதற்கு உதவாது. விற்பவரிடம் ‘நல்ல கீரையா?’ என்று கேட்காமல், எந்த வயல், கிணற்று நீரா, ஓடை நீரா என்று கேளுங்கள். மின்முலாம், பேட்டரி, தோல், சாயத் தொழில்களின் கழிவு கலக்கும் ஓடை என்றால் ஒதுக்கிவிடுங்கள். இப்போது நல்ல நீர் பாய்கிறது என்ற பதிலும் போதாது. முன்பு பாய்ந்த நீர் விட்டுச்சென்ற உலோகம் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

விளைந்த இடம் தெரியவே தெரியாவிட்டால் தக்காளி, பூசணி, வெள்ளரி, பீன்ஸ் வாங்குங்கள். காய்க்குள் உலோகம் குறைவாகவே சேரும். அதிகம் சேர்வது கீரையில். முள்ளங்கி, கேரட்டை மண் போகத் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவிவிடுங்கள்.

கேள்வி: ‘இயற்கை விளைபொருள்’ முத்திரை இருந்தால் போதுமா?

பதில்: போதாது. அந்த முத்திரை சாகுபடி முறையைப் பற்றியது. கீரையில் எவ்வளவு காட்மியம் என்பதை அது சொல்லாது.

கேள்வி: ஒரு கடையில் காட்டிய ஆய்வக அறிக்கையில் கீரையில் காட்மியம் கிலோவுக்கு 1.8 மில்லிகிராம் என்று இருந்தது. வரம்பு 0.2 என்கிறார்கள். ஒன்பது மடங்கா?

பதில்: முதலில் அது உலர் எடையா (காயவைத்து நிறுத்தது), ஈர எடையா (பச்சையாக நிறுத்தது) என்று பாருங்கள். கீரையில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர். உலர் எடையில் 1.8 என்றால் நாம் வாங்கும் பச்சைக் கீரையில் சுமார் 0.18தான். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்புகள் (கீரைக்குக் காட்மியம் 0.2, ஈயம் 0.3) பச்சை எடைக்கானவை. ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் கருவியின் கண்டறியும் எல்லையை, அதாவது அது காணக்கூடிய மிகக் குறைந்த அளவை, கேளுங்கள். அது 0.5 என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை. வரம்பைத் தாண்டிய கீரையும் அதில் தேறிவிடும்.

வரம்புக்குள் இருந்தாலும் அளவு முக்கியம். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கலாம் என்று 2010இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் (200 மைக்ரோகிராம்) உள்ள கீரையில் 250 கிராம் சாப்பிட்டாலே அது முடிந்துவிடும். 15 கிலோ குழந்தைக்கு 62 கிராமே போதும். தானியங்களிலிருந்து வரும் காட்மியம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஈயத்துக்கு இப்படி ஒரு பாதுகாப்பான அளவே சொல்ல முடியாது என்று அதே குழு பழைய வரம்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே குழந்தைகளுக்கு ஒரே வயலின் கீரையைத் தினமும் கொடுக்காதீர்கள். வாங்கும் இடத்தையும் காயையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.